அரிசிப் பையும் மர நாற்காலியும்: செலவில்லாமல் வீட்டில் உடற்பயிற்சி தொடங்குவது எப்படி?

இரண்டு வருடம் முன்பு ஒரு ஜனவரியில் ஜிம்முக்கு வருடச் சந்தா 12,000 ரூபாய் கட்டினேன். மாதாமாதம் கட்டினால் 1,800 ஆகும், மொத்தமாகக் கட்டினால் லாபம் என்றார்கள். போனது 17 நாள். கணக்குப் போட்டால் ஒரு நாளுக்கு 700 ரூபாய்க்கு மேல். ஷூ, கையுறை, ஒரு கிலோ புரோட்டீன் பவுடர் எல்லாம் தனி. அந்த டப்பாவில் இப்போது துவரம் பருப்பு இருக்கிறது.

ஜிம்மைக் குறை சொல்லிப் பயனில்லை. வருடச் சந்தாவின் கணக்கே அப்படித்தான். கட்டிய எல்லாரும் ஒரே சாயங்காலம் வந்து நின்றால் டம்பெல் தூக்க இடம் இருக்காது. என்னைப் போல வராதவர்கள் காசில்தான் அங்கே ஏசி ஓடுகிறது.

தினமும் 10,000 காலடி நடக்க வேண்டும் என்று எல்லா வாட்ச்சும் சொல்கிறதே, அதுவும் கடைச்சரக்கோடு வந்த எண்தான். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், 1965-இல், ஜப்பானில் 'மான்போ-கெய்' என்று ஒரு அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. பெயருக்கு அர்த்தமே 'பத்தாயிரம் அடி மானி'. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களிடம் கேட்பது வேறு: வாரம் 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உழைப்பு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை. இரண்டுக்கும் கடைக்குப் போகத் தேவையில்லை.

சரி, தொடங்கலாம். இதய நோய், ரத்த அழுத்தம், மூட்டுவலி இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 1: நான்கு வாரத்துக்கு எதையும் வாங்காதீர்கள்

ஷூகூட வேண்டாம், வெறுங்கால் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் காலைக் காபிக்கு முன்னால். ஒரு பாய் விரிக்கிற இடம் போதும். ஆனால் டைல்ஸ் தரையில் பாய் வழுக்கும், அதன் மேல் நின்று செய்யாதீர்கள்.

படி 2: நாற்காலியில் உட்கார்ந்து எழுதல்

மர நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி கால் விரிந்துவிடும். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழக்கூடாது, நாற்காலியைத் தொட்டதும் குதிகாலை அழுத்தி எழ வேண்டும். முட்டி உள்பக்கம் மடங்காமல், கால்விரல் காட்டும் திசையிலேயே போகட்டும். 8 முறை. 15 முறை சுலபமாக வரும் நாளில் நாற்காலியை எடுத்துவிடுங்கள். அப்போது நீங்கள் எடுப்பது பஸ்கி.

படி 3: சுவரிலிருந்து தரைக்குத் தண்டால்

பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் தண்டாலும் பஸ்கியும்தான் பால பாடம். ஆனால் எடுத்த எடுப்பில் தரையில் போய்ப் படுத்தால் இடுப்பு தொய்யும், தோள் வலிக்கும், மூன்றாம் நாள் விட்டுவிடுவோம். அதனால் உயரத்திலிருந்து இறங்கி வாருங்கள்.

முதலில் சுவர். ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளி நின்று, நெஞ்சு உயரத்தில் உள்ளங்கையை ஊன்றி, மார்பு சுவரை நெருங்கும்வரை சாய்ந்து தள்ளுங்கள். (டிஸ்டெம்பர் சுவரில் கை அச்சு விழும். எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது, அம்மா இன்னும் திட்டுகிறார்.) 15 முறை வந்ததும் சமையல் மேடைக்குப் போங்கள், அப்புறம் நகராத கனமான கட்டில், கடைசியாகத் தரை. எனக்குச் சுவரிலிருந்து தரைக்கு வர ஐந்து மாதம் ஆனது.

எந்த உயரத்திலும் தலை முதல் குதிகால் வரை உடம்பு ஒரே பலகை. முழங்கைகள் சிலுவைபோல் விரியாமல், மேலிருந்து பார்த்தால் அம்பு முனைபோல் சற்றுப் பின்னோக்கி இருக்கட்டும். இறங்கும்போது மூச்சை இழுங்கள், தள்ளும்போது விடுங்கள்.

படி 4: பையை இழுத்தல்

வீட்டுப் பயிற்சியில் உண்மையான குறை இதுதான். தள்ளுவதற்குச் சுவர் இருக்கிறது, இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. பழைய ஸ்கூல் பையில் 5 கிலோ அரிசிப் பையை வையுங்கள். ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகை வளைக்காமல் குனிந்து, மறுகையால் பையை இடுப்பை நோக்கி இழுங்கள். கைக்குப் பத்து. முதல் நாள் என் பையின் ஜிப் பிய்ந்து அரிசி கூடமெங்கும் கொட்டியது. அன்று அரைமணி நேரம் குனிந்து பொறுக்கியதுதான் உடற்பயிற்சி.

படி 5: பிளாங்க்

முழங்கைகளை ஊன்றி, உடம்பைத் தரைக்கு மேல் நேராக நிறுத்தி 20 நொடி. இடுப்பு தொங்கினால் உடம்பைத் தரையில் இறக்கிவிடுங்கள்.

இந்த நான்கும் ஒரு சுற்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. முதல் இரண்டு வாரம் இரண்டு சுற்று, பிறகு மூன்று. "இன்னும் இரண்டு எடுக்கலாம்" என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். மற்ற நாட்களில் 30 நிமிட நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம்.

படி 6: எழுதி வையுங்கள்

நான் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதுகிறேன்: "நாற்காலி 8, 8. மேடை 6, 5. பை 10, 9. 20 நொடி." அடுத்த முறை எங்காவது ஒன்று கூட வேண்டும். உடம்பு தேறுவது இந்த ஏற்றத்தால்தான். ட்ரைனருக்குக் கொடுக்கும் காசில் பாதி இதை நினைவு வைத்திருப்பதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

பவுடர் வேண்டாமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு, உடம்பின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 0.83 கிராம் புரதம். 60 கிலோ இருப்பவருக்கு ஏறத்தாழ 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம். பருப்பு, தயிர், சுண்டல் சேர்ந்தால் ஆரம்பநிலைக்குத் தாராளம்.

நான்கு வாரம் தாண்டியபின் ஏதாவது வாங்கியே தீர வேண்டுமென்றால், இழுக்கிற குறையைத் தீர்க்கும் உடற்பயிற்சிக்கான ஒரு ரப்பர் பேண்ட் வாங்கலாம், சில நூறு ரூபாய்தான். நான் அதுவும் வாங்கவில்லை. வாங்கியது ஜிப் கெட்டியான ஒரு பை.