ஆறடி ரோட்டாவேட்டரும் இருபது சென்ட் செய்யும்: டிராக்டருக்குக் கருவி சேர்ப்பதில் நடக்கும் தவறுகள்

செட்டிநாட்டில் எங்கள் கல்லல் பக்கம் யாராவது புது டிராக்டர் எடுத்தால் டீக்கடையில் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி.?" அடுத்தது, சுழலும் பிளேடுகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவியின் அகலம்: "ரோட்டாவேட்டர் எத்தனை அடி?" எந்தச் செய்யில், அதாவது எந்த வயலில், ஓட்டப் போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் வண்டி எடுத்தபோது நானே கேட்டுக்கொள்ளவில்லை.

என்னுடையது 42 எச்.பி. கருவி விற்றவர், "ஆறடி தாராளமா இழுக்கும் அண்ணே, அஞ்சடி போட்டா வாடகைக்கு எவன் கூப்பிடுவான்?" என்றார். வாங்கிவிட்டேன். ஆவணியில் முதல் வாடகை, கண்மாய்க்குக் கீழே ஓர் ஆச்சியின் நிலம். புழுதி விதைப்புக்கு உழ வேண்டும். களி கலந்த மண், மேலே காய்ந்து உள்ளே இறுகிக் கிடந்தது. ரோட்டாவேட்டரை முழுசாக இறக்கியதும் வண்டி திணறியது, கரும்புகை கக்கியது. லீவரைக் கொஞ்சம் தூக்கினேன், புகை நின்றது. அப்படியே தூக்கிப் பிடித்து ஒன்றரை ஏக்கரையும் முடித்துவிட்டேன். பார்க்க மாவு சலித்த மாதிரி இருந்தது. ஆச்சி வரப்பில் நின்று கையிலிருந்த குச்சியை மண்ணில் குத்தினார். மூன்று விரல்கடை இறங்கி, டக்கென்று நின்றது.

"ஏம்ப்பா, உழச் சொன்னேனா, வாசக் கூட்டச் சொன்னேனா?"

அந்த ஆறடியை அடுத்த வருடமே நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டேன். பிறகு வாடகைக்கு ஓட்டி ஓட்டித்தான் எங்கே தப்பு என்று புரிந்தது. நாம் டிராக்டரை முதலில் வாங்குகிறோம், அதற்கு இழுபடுகிற பெரிய கருவியைச் சேர்க்கிறோம், கடைசியில் நிலத்துக்குப் போகிறோம். வரிசையே தலைகீழ். மண், அதில் செய்ய வேண்டிய வேலை, அந்த வேலைக்கான கருவி, அதை இழுக்கிற வண்டி என்றுதான் போக வேண்டும். செட்டிநாட்டில் இது கூடுதல் சிக்கல். ஒரே ஆளுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் களிமண் நஞ்சை இருக்கும், மேட்டில் சரளையோடு செவல் புஞ்சை இருக்கும், தைலமரம் வெட்டி எடுத்த காடு ஒன்றும் இருக்கும். மூன்றுக்கும் ஒரே கருவியை ஓட்டினால் மூன்றில் இரண்டு கெடும்.

எச்.பி.யை அப்படியே நம்புவது

வண்டியில் எழுதியிருப்பது என்ஜினின் பலம். கருவியைச் சுற்றவைக்கும் பின்பக்கத் தண்டான பிடிஓவுக்கு வரும்போது அதில் ஏறக்குறைய 85 சதவீதம்தான் மிஞ்சும். மண்ணில் இழுக்கும்போது டயர் வழுக்கல், உருள்வதற்கான தடை எல்லாம் தின்றது போக, உழுத பொலபொல மண்ணில் பாதி கிடைத்தாலே அதிகம். ஆகவே பிடிஓவில் சுற்றுகிற கருவிக்கு ஒரு கணக்கு, இழுபடுகிற கருவிக்கு வேறு கணக்கு.

இழுவைக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால் பிறகு யாரும் ஏமாற்ற முடியாது. வட்டத் தட்டுகளால் மண்ணைப் புரட்டும் சட்டிக் கலப்பையை எடுத்துக்கொள்வோம். ஒரு சட்டி ஏறக்குறைய ஓரடி, அதாவது 30 செ.மீ. அகலம் வெட்டும். மூன்று சட்டிக்கு 90 செ.மீ. ஆழம் 20 செ.மீ. என்றால் வெட்டுப்பரப்பு 1,800 சதுர செ.மீ. இறுகிய மண் சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ வரை எதிர்க்கும் என்று வைத்தால், இழுவை 1,260 கிலோ. 45 எச்.பி. வண்டியின் எடை இரண்டு டன் சுற்றி இருக்கும். கெட்டியான காய்ந்த தரையில் ஒரு டிராக்டர் தன் எடையில் பாதியளவுக்கு இழுக்கும், அதாவது 1,000 கிலோ. மூன்று சட்டி மாட்டினால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். இரண்டு சட்டி என்றால் 840 கிலோ, அடங்கிவிடும். அந்த 840 கிலோவை மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் இழுக்கக் கொக்கியில் தேவைப்படுவது பன்னிரண்டரை எச்.பி.தான்! என்ஜினில் தெம்பு மிச்சம் கிடக்கும், டயருக்குப் பிடி கிடைக்காது. "அம்பது எச்.பி. வண்டி, மூணு சட்டி இழுக்க மாட்டேங்குது, என்ஜின்ல கோளாறு" என்று மெக்கானிக்கைத் தேடுகிறவர்களில் பலருக்குக் கோளாறு என்ஜினில் இல்லை, இந்தக் கணக்கில்தான்.

ரோட்டாவேட்டர் இழுபடுவதில்லை, பிடிஓவின் பலத்தில் சுற்றுகிறது. நான்கடிக்கு 30 எச்.பி. சுற்றி, ஐந்தடிக்கு 40 சுற்றி, ஆறடிக்கு 50, ஏழடிக்கு 55க்கு மேல் என்று வைத்துக்கொண்டால் எங்கள் பக்கம் சரியாக இருக்கும். கருவியின் விளம்பரத் தாளில் இதைவிடக் குறைவாகப் போட்டிருப்பார்கள். அது இளகிய மண்ணுக்கு. கண்மாய்க்கடிக் களி ஆவணி மாதத்தில் எப்படி இருக்கும் என்று அச்சடித்தவருக்குத் தெரியாது.

வழுக்கலை அளக்காமல் ஓட்டுவது

இதற்கு ஒரு சாக்பீஸ் போதும். பின் டயரின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். அதே வயலில் கருவியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கோடு பத்து முறை தரையைத் தொடும்வரை ஓட்டி, தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 13.6-28 டயர் என்றால் 40 மீட்டர் பக்கம் வரும். இப்போது கருவியை இறக்கி, உழுதபடியே அதே பத்துச் சுற்று. 34 மீட்டர் வந்தால் வழுக்கல் 15 சதவீதம், பரவாயில்லை. 30 மீட்டர்தான் வந்தது என்றால் நாலில் ஒரு பங்கு டீசலை டயர் தேய்க்கக் கொடுத்திருக்கிறீர்கள். கருவியின் அகலத்தையோ ஆழத்தையோ குறையுங்கள், இல்லாவிட்டால் வண்டிக்கு எடை கூட்டுங்கள்.

எடை கூட்டுவதிலும் ஒரு தவறு இருக்கிறது. கோடை உழவுக்காகப் பின் டயரில் தண்ணீர் ஏற்றி, இரும்பு எடையும் மாட்டுவோம். ஐப்பசியில் மழை பிடித்து மடை திறந்ததும், அதே எடையோடு சேற்றுழவுக்கு இறங்குவோம். வண்டி அச்சுவரை புதைந்து, அதை இழுக்க இன்னொரு வண்டி வந்து, அதுவும் புதைந்து, ஊரே வரப்பில் உட்கார்ந்து யோசனை சொல்லும். காய்ந்த நிலத்துக்கு எடை பலம், சேற்றில் அதுவே பகை. சேற்றுக்குக் கேஜ்வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி, எடையைக் கழற்றிவிட்டு இறங்குவதுதான் முறை.

கொக்கி மாட்டும் இடத்தில் அலட்சியம்

சரியான அளவுக் கருவி வாங்கியும் கெடுவது இங்கேதான். டிராக்டரின் கீழ்க்கைகளில் உள்ள குண்டு இரண்டு அளவில் வரும். அதில் நுழையும் கருவியின் ஊசி (பின்) முதல் வகைக்கு 22 மி.மீ., இரண்டாம் வகைக்கு 28 மி.மீ. சின்ன வண்டிக்குச் செய்த கருவியை இரவல் வாங்கிப் பெரிய வண்டியில் மாட்டினால், 28 மி.மீ. துளைக்குள் 22 மி.மீ. பின் ஆடும். "மாட்டிக்கிச்சுல்ல, ஓட்டு" என்பார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் டொக் டொக் என்று இடித்து, துளை நீள்வட்டமாகிவிடும். பின் உடைந்தால் கருவி ஒரு கையில் தொங்கும். இடையில் போடும் புஷ் சின்ன சாமான்தான், வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

கருவி பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினும் அப்படித்தான். ரோட்டாவேட்டருக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், ஆடினால் டயரில் உரசும். சட்டிக் கலப்பைக்குக் கொஞ்சம் தளர்வு வேண்டும், அது தன் உழவுச்சாலைத் தானே பிடித்துப் போகும். கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்கில் இரண்டு லீவர் இருப்பதே பலருக்கு ஞாபகம் இருக்காது. கலப்பைக்கு இழுவையைப் பார்த்து ஏறி இறங்கும் டிராஃப்ட் லீவர், ரோட்டாவேட்டருக்கு ஆழத்தை ஒரே இடத்தில் நிறுத்தும் பொசிஷன் லீவர். மாற்றிப் பிடித்தால் உழவு ஓரிடத்தில் பள்ளம், ஓரிடத்தில் மேடு என்று போகும், டிரைவருக்குத்தான் திட்டு விழும்.

தூக்கும் திறனும் பாருங்கள். தாளில் 1,500 கிலோ என்று இருப்பது பெரும்பாலும் கைகளின் நுனியில் அளந்தது. கருவியின் எடைமையம் அதற்கும் பின்னால் இருக்கும், அங்கே அவ்வளவு தூக்காது. தூக்கிவிட்டாலும் முன்பக்கம் லேசாகிவிடும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். கனமான கருவியைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரை ஏறும்போது இது புரிந்தால், புரிந்தது ரொம்பத் தாமதம்.

சரளையிலும் தூரிலும் ரோட்டாவேட்டர்

செம்புறாங்கல்லில் வீட்டுக்கு அடித்தளமும் ஊருணிக்குப் படித்துறையும் கட்டிய ஊர் இது. அந்தக் கல் வெளியே மட்டும் இல்லை, மேட்டுப் புஞ்சையில் நாலு விரல் கீழேயும் இருக்கிறது. நேராக ரோட்டாவேட்டரை விட்டால் ஐந்தடிக் கருவியின் 36 பிளேடும் அரிவாள் தேய்கிற மாதிரி தேயும். அங்கே முதல் சால் கொத்துக் கலப்பைதான், அதுவும் ஸ்பிரிங் வைத்த ஒன்பது கொத்து. கல்லோ வேரோ தட்டினால் கொத்து பின்னால் மடங்கித் திரும்பி வரும். ஸ்பிரிங் இல்லாத கட்டைக் கலப்பை என்றால் கொத்து வளையும், இல்லை பிரேம் விரியும்.

ரோட்டாவேட்டரின் பிடிஓ ஷாப்டில் ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கும். அது உடைவதற்கென்றே வைத்தது. தைலமரத் தூரில் பிளேடு மாட்டினால் போல்ட் உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். நாலு தடவை உடைந்ததும் எரிச்சலாகி, கடையில் கெட்டியான போல்ட்டாகப் பார்த்து வாங்கிப் போட்டுவிடுவோம். அப்புறம் போல்ட் உடையாது, கியர் பல் உடையும். நான் செய்திருக்கிறேன், அந்த ரிப்பேர் காசில் இருபது வருடத்துக்குப் போல்ட் வாங்கியிருக்கலாம்.

சீமைக்கருவேலத் தூரைப் பிடுங்க கருவியின் மேல்முனையைப் பிடிக்கும் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி போடுவதை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தூர் அசையாமல் நின்றால் பின்சக்கரத்தைச் சுற்றி வண்டி எழும்பும், கிளட்ச்சை மிதிக்கக்கூட நேரம் கிடைக்காமல் மல்லாந்துவிடும். இழுப்பது எதுவானாலும் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டமான டிராபாரில் மட்டும். பிடிஓ ஷாப்ட்டின் பிளாஸ்டிக் உறை கழன்றால் அன்றே மாற்றுங்கள். 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி முனையோ தோளில் தொங்கும் துண்டோ சிக்கினால் இழுத்துக்கொள்ள ஒரு நொடி போதும்.

வருடா வருடம் ரோட்டாவேட்டர் மட்டும்

ஒரே சாலில் மண் பொடியாகிறது, விதைக்க வசதி. ஆனால் பிளேடு ஒவ்வொரு வருடமும் அதே ஆழத்தில் அடித்து அடித்து, நாலைந்து அங்குலத்துக்குக் கீழே தரை போட்ட மாதிரி இறுகிவிடும். மழைத்தண்ணீர் கீழே இறங்காது, வேரும் இறங்காது. மானாவாரிக்கு இது பெரிய அடி. வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஊரில், பெய்கிற நாலு மழையையும் நிலம் குடிக்க வேண்டாமா? இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, உளிக் கலப்பையை 40 செ.மீ. ஆழத்தில், அரை மீட்டர் இடைவெளியில், நெடுக்கும் குறுக்குமாக ஓட்ட வேண்டும். 45 எச்.பி. வண்டிக்கு ஒற்றை உளி போதும்.

இது வருடத்தில் ஒரு நாள்கூடத் தேவைப்படாத கருவி, சொந்தமாக வாங்காதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்கலாம், உழவன் செயலியிலும் பதியலாம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, செட்டிநாட்டில் இருக்கும் மானாவாரி ஆராய்ச்சி நிலையத்திலோ உங்கள் மண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவதும் நல்லது. மானியம் 40, 50 சதவீதம் கிடைக்கிறது என்பதற்காக ஒரு அடி பெரிதாக எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு என் ஆறடி ஞாபகம் வரும். பாதி விலைக்கு வாங்கினாலும் டீசல் முழு விலைதான்.

பெரிய கருவி நேரத்தை மிச்சம் பிடிக்கும் என்பதும் சின்னச் செய்யில் எடுபடாது. ஐந்தடி, மணிக்கு 3 கி.மீ. வேகம், திரும்புகிற நேரத்தையும் சேர்த்தால் நீளமான நிலத்தில் ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடியும். இருபது சென்ட் செய்களில் வரப்புக்கு வரப்பு தூக்கி, திரும்பி, இறக்கி வருவதில் அதே ஏக்கருக்கு ஒன்றரை மணி ஆகும். அங்கே ஏழடி போட்டாலும் மூலை முடுக்கு மண்வெட்டிக்குத்தான்.

கருவிக் கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்து, பின் டயர்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை அளந்துகொள்ளுங்கள். "டயர் தடம் மறையணும்னா ஆறடிதான்" என்று சொல்லித்தான் என்னிடம் விற்றார்கள். தடம் அகலமாக இருந்தால் ரிம்மைத் திருப்பிப் போட்டுக் குறைக்கலாம், அல்லது ரோட்டாவேட்டரை ஒரு பக்கமாக நகர்த்தி மாட்டினால், ஒரு தடம் அப்போதே அழியும், மற்றது அடுத்த சாலில் அழிந்துவிடும். இப்போது என் ஐந்தடி வலது பக்கம் நாலு அங்குலம் தள்ளித்தான் ஓடுகிறது.