வேலையிடத்தில் காயமா? முதல் நாளிலிருந்து நட்டஈடு வரை

சீனன்குடா ஆலையோ, நிலாவெளி ஹோட்டலோ, நாலு பேர் நிற்கும் மேசன் சைட்டோ, தனியார் வேலையில் நேரும் விபத்துக் காயத்துக்கு முதலாளி நட்டஈடு தரவேண்டும். இலங்கையின் 1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் அடங்கும். அரச ஊழியர்களுக்கு வழி வேறு.

1. ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வார்த்தை

பெரும்பாலான வழக்குகள் கெட்டுப்போவது இங்கேதான். “வீட்ட விழுந்ததெண்டு சொல்லு, செலவ நான் பாக்கிறன்” என்று கேட்கும் முதலாளிமார் இருக்கிறார்கள். அதற்கு இணங்கவே வேண்டாம். வார்ட்டில் “என்ன நடந்தது?” என்று கேட்கும்போது இடம், நேரம், செய்த வேலை மூன்றையும் சொல்லுங்கள்: “காலம பத்து மணிக்கு, சைட்டில பூசிக்கொண்டு நிக்கேக்க சாரம் சரிஞ்சு விழுந்தனான்.” டிக்கெட்டில், அதாவது வார்ட்டில் நோயாளிக்கு வைக்கும் சிகிச்சைப் பதிவுத் தாளில், எழுதப்படும் அந்த ஒரு வரியைத்தான் பிறகு விசாரணையில் புரட்டிப் பார்ப்பார்கள். காயப்பட்டவர் மயக்கத்தில் இருந்தால், கூட்டிவந்தவர் இதைச் சொல்லவேண்டும்.

2. எழுத்தில் அறிவித்தல்

திகதி, நேரம், காயப்பட்ட உறுப்பு, பார்த்தவர்களின் பெயர் எழுதி முதலாளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். பாரதூரமான விபத்தென்றால் பொலிஸிலும் பதியுங்கள். கொந்தராத்துக்காரர் ஆளை மாற்றி ஆளைக் காட்டினால் சோரவேண்டாம்; வேலையைக் கொந்தராத்துக்குக் கொடுத்த பிரதான நிறுவனத்திடமும் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு.

3. சம்பளத்துக்கு ஆதாரம்

தொகை மாதச் சம்பளத்தை வைத்தே கணிக்கப்படும். சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், கையில் காசு வாங்குபவரென்றால் வரவுக் கொப்பியின் படம், கூட வேலை செய்தவரின் சாட்சி என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள்.

4. இயலாமை வீதம்

நிரந்தர இயலாமை எத்தனை வீதம் என்பதற்கு வைத்திய அறிக்கை வேண்டும். சிகிச்சை முடியுமுன் அவசரப்பட்டு எடுத்தால் வீதம் குறைவாக விழலாம். அதற்காக விண்ணப்பத்தை இழுத்தடிக்கவும் கூடாது, சட்டத்தில் கால எல்லை உண்டு. உச்சத் தொகை இப்போது 20 இலட்சம் ரூபாய்.

5. மனம் பாதிக்கப்பட்டால்

சிலிண்டர் வெடித்ததைக் கண்டவர் நித்திரையில்லாமல் தவிப்பார். அந்த அறைக்குள் போகவே உடம்பு நடுங்கும். வெட்கப்படாமல் கிளினிக்கில் சொல்லிப் பதிவிக்கவும். மனநல வைத்தியரின் கடிதத்தில் எப்போதிருந்து, எந்த விபத்தால், எந்த வேலை முடியவில்லை என்பவை இருக்கவேண்டும். விபத்து எதுவுமில்லாத நாட்பட்ட வேலை அழுத்தத்துக்கு இச்சட்டத்தில் நட்டஈடு பெறுவது கடினம், ஏனெனில் இது விபத்தையும் பட்டியலிட்ட தொழில்சார் நோய்களையும் வைத்தே எழுதப்பட்டது. அதற்காக உதவி தேடாமல் இருக்கவேண்டாம்: தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம்.

6. கையெழுத்தும் விண்ணப்பமும்

“கணக்கு முழுக்கத் தீர்ந்தது” என்ற தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றாலும், அந்தத் தாள் விசாரணையை இழுத்தடிக்கும். விண்ணப்பம் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போகவேண்டும். படிவத்துக்கும் வழிகாட்டலுக்கும் திருகோணமலை தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். இந்த வழியில் போனால் அதே காயத்துக்குச் சிவில் வழக்கும் போடமுடியாது. ஆகவே முதலாளியின் கவனயீனம் அப்பட்டமாகத் தெரியும் பெரிய காயமென்றால், படிவத்தைக் கொடுக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.