இன்டர்லொக் கல் பதிக்க முன் சதுரக் கொப்பியில் கீறுங்கள்

கேற்றிலிருந்து விறாந்தை வரை இன்டர்லொக் பாதை போடுவதென்றால், பிள்ளைகளின் சதுரக் கொப்பியில் ஒரு சதுரத்தை 10 சென்ரிமீற்றராக எடுத்துக் கீறுங்கள். 20க்கு 10 அளவுக் கல் அப்படியே இரண்டு சதுரம். பாதையின் அகலத்தைக் கல்லின் நீளத்துக்கு ஒத்துவரும்படி வையுங்கள்: 1 மீற்றர் என்றால் நீளவாட்டில் சரியாக ஐந்து கல். மூன்றரை அடி என்று மேசனிடம் வாயால் சொன்னால் ஓரத்தில் ஏழு சென்ரிமீற்றர் அளவுக்கு மிஞ்சும். அதற்காக ஒவ்வொரு வரிசையிலும் கல் வெட்ட வேண்டும். கூலியும் கூடும், கல்லும் வீணாகும். கல்லடி, கல்முனைப் பக்கத்து மணல் தரையில் முதலில் கிளம்புவதும் அந்த வெட்டுத் துண்டுகள்தான்.

கல்லுக்குக் கல் 2, 3 மில்லிமீற்றர் இடைவெளி வரும், ஓரக்கட்டு கட்டும்போது அதையும் சேர்த்து அளவெடுங்கள். அப்புறம், மாரி வெள்ளம் வீட்டுப் பக்கம் வராமல் மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் வாட்டம் எந்தப் பக்கம் என்று படத்திலேயே அம்புக்குறி போடுங்கள்.

வளைந்த பாதைக்கும், கல்லைச் சாய்வாகப் பதிப்பதற்கும் இது சரிவராது. அங்கே வெட்டித்தான் ஆக வேண்டும்.