'தி எலிமென்டல்ஸ்' நாவலை இரவில் வாசித்துக் கெடுக்காதீர்கள்

பேய்க்கதை என்றால் இரவு, மழை, மின்வெட்டு என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. மைக்கேல் மெக்டவல் எழுதி, 1981இல் ஏவன் நிறுவனம் நேரடியாக மலிவுப் பதிப்பாகவே கொண்டுவந்த இந்த நாவலில் பயம் பட்டப்பகலில் வருகிறது. அமெரிக்காவின் அலபாமா கடற்கரையில் மூன்று பழைய வீடுகள். இரண்டில் கோடையில் ஆட்கள் வந்து தங்குவார்கள். மூன்றாவதை மணல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. நியூயோர்க்கிலிருந்து வந்த 13 வயதுச் சிறுமி அதன் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறாள். மிச்சத்தைச் சொல்லமாட்டேன்.

எங்கள் அம்மம்மா உச்சிப்பொழுதில் கிணற்றடிக்குப் போக விடமாட்டார். அப்படி வளர்ந்த திருகோணமலைக்காரருக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆடி மாதம் கச்சான் அனலாக வீசும்போது, உப்புவெளிப் பக்கம் ஒரு விறாந்தையில், மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு எடுத்துப் பாருங்கள். அப்புறம் வாசலில் சேர்ந்த மணலைக் கூட்டக் கை கொஞ்சம் தயங்கும்.

பாதியில் மூடிவைப்பது அடுத்த தவறு. தொடக்கத்தில் ஒரு செத்த வீடு. இறந்த தாயின் நெஞ்சில் பிள்ளைகளே கத்தி இறக்கும் சடங்கு. இனிப் பக்கத்துக்குப் பக்கம் இரத்தம்தான் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். அதன்பிறகு நெடுநேரம் அவர்கள் சாப்பிடுகிறார்கள், கதைக்கிறார்கள், வெக்கையில் படுத்துக் கிடக்கிறார்கள். அந்தச் சோம்பலுக்குள்தான் நாவலாசிரியர் நம்மைப் பிடிக்கிறார். 'இது யாருடைய ஆவி, எதற்குப் பழிவாங்குகிறது?' என்றும் தேடாதீர்கள். நம்மூர்ப் பேய்க்கு ஒரு நியாயம் இருக்கும். பொங்கல் வைத்தால் சமாதானமாகும். இங்கே அந்தக் கணக்கே கிடையாது.

வாசிக்க மட்டும் என்றால் வாலன்கோர்ட் பதிப்பகம் 2014இல் போட்ட மறுபதிப்புப் போதும். பழையதுதான் வேண்டுமா? சரி, அட்டையை முதுகோடு மடித்துப் பிடிக்காதீர்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். நம்மூர் வாடைக்கால ஈரத்துக்கு உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். முக்கியமாக, நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள். அந்தக் காலத்து மலிவுத் தாள் அமிலம் கலந்தது. வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் பழுப்பேறி முறியும். மின்விசிறிக் காற்றே போதும். இதே காலத்து இன்னொரு புத்தகத்தை நான் மதிலில் காயப்போட்டேன். முதுகுப் பசை வெடித்து, காற்றில் பறந்த தாள்களைப் பக்கத்து வளவில் பொறுக்கினேன். கடைசி அத்தியாயம் மட்டும் கிடைக்கவேயில்லை.