காயின் மோடுக்கு நம் நாலணா தெரியாது

நீலகிரியில் மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு, காசுக்கு மட்டும் ஒலித்து மற்றதை ஒதுக்கும் காயின் மோடைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன. கடையில் கிடைக்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றின் காயின் மோடு, அமெரிக்க, ஐரோப்பிய நாணயங்களை மனதில் வைத்து அமைத்தது. நம் சில்லறையின் உலோகமே வேறு.

1988 முதல் வந்த 10, 25, 50 பைசாக்களும், 1992 முதல் வந்த ஒரு ரூபாயும் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காயின் மோடு இரும்பின் வாயை அடைக்கும்போது நாலணா, எட்டணாவின் வாயும் சேர்ந்து அடைபடும். 1947இன் நிக்கல் ரூபாயும் காந்தத்தில் ஒட்டும் என்பதால், உலோகத்துக்கு ஏற்பக் கருவி திரையில் காட்டும் எண்ணும் (இரும்புக்குக் குறைவு, வெள்ளிக்கு அதிகம்) அதற்குத் தடுமாறும். பிற்காலத்தில் வந்த சதுர 5 பைசா, பூ விளிம்பு 10 பைசா, அறுகோண 20 பைசா எல்லாம் அலுமினியம். இவை பிராந்தி பாட்டிலின் திருகு மூடியோடும் நசுங்கிய கேன் துண்டோடும் ஒரே வட்டாரத்தில் எண் காட்டும். செம்பு-நிக்கல் கலவையான பழைய ஓரணா மின்சாரத்தைக் குறைவாகவே கடத்தும். அதனால் கேனின் இழுப்பு வளையம் காட்டும் எண்ணையே அதுவும் காட்டும்.

வம்பில்லாமல் உயர்ந்த எண்ணில் நிற்பவை பழைய வெள்ளி ரூபாயும் வெண்கலக் காசுகளும்தான். 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணாவும் இந்தக் கூட்டம். கருவி காசுக்குள் தூண்டும் சுழல் மின்னோட்டம் பெரும்பாலும் விளிம்பை ஒட்டி ஓடுவதால், நடுவில் ஓட்டை இருப்பது எண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

ஆகவே கையேட்டில் உள்ள எண் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, சொந்தப் பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள். இதை வீட்டு சிமென்ட் தரையில் செய்யக் கூடாது, அடியில் கம்பி இருக்கும். குப்பை உலோகத்தை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். ஒவ்வொரு காசையும் காயிலுக்கு (கருவியின் அடியில் உள்ள தேடும் தட்டு) 10 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒருமுறை தட்டையாகவும் ஒருமுறை செங்குத்தாகவும் ஆட்டி எண்ணைக் குறியுங்கள். பிறகு ஆணி, சோடா மூடி, மாத்திரை அட்டை, திருகு மூடி. அதன்பின் நாலைந்து காசுகளை 5, 10, 15 செ.மீ. ஆழத்தில் புதைத்து மறுபடி பாருங்கள். செம்மண்ணில் ஆழம் கூடக்கூட எண் இரும்புப் பக்கம் சரியும். ‘எண் குறைவு, குப்பைதான்’ என்று விட்டுவிடும் இடங்களில் பல, கொஞ்சம் ஆழத்தில் கிடக்கும் நல்ல காசுகள்.

நீலகிரி மண்ணில் அடுத்த சிக்கல் சென்சிட்டிவிட்டி, அதாவது கருவியின் கூர்மை. முழுதாக ஏற்றினால் ஆழம் கிடைக்கும் என்பது சமவெளி மணலுக்கு ஓரளவு பொருந்தும். இங்கே இரும்பு ஆக்சைடு நிறைந்த செம்மண்ணும், சார்னோக்கைட் பாறைத் துண்டுகளும் இருக்கின்றன. ஏற்றஏற்ற மண்ணே கத்தும், அந்தச் சத்தத்தில் காசு மறைந்துபோகும். காயிலை அசைக்காமல் பிடித்தால் கருவி அமைதியாக இருக்க வேண்டும், வெற்றுத் தரையில் ஆட்டினாலும் உளறக் கூடாது. அந்த நிலை வரும்வரை ஒவ்வொரு படியாக இறக்குங்கள்.

அதற்கும் முன்னால் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தைக் கருவி கழித்துவிடும்படி சரிசெய்வது. உலோகமே இல்லாத இடமாகப் பார்த்து, காயிலைத் தரைக்கு 20 செ.மீ. மேலிருந்து 3 செ.மீ. வரை ஐந்தாறு முறை ஏற்றி இறக்கி, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒலி ஒன்றாகும்வரை சரிசெய்ய வேண்டும். காலையில் ஒருமுறை செய்துவிட்டு நாளெல்லாம் அதிலேயே ஓட்டுவது தவறு. தேயிலைச் செம்மண்ணிலிருந்து சதுப்பு ஓரத்துக் கறுப்பு மண்ணுக்கோ, ஜல்லி கொட்டிய பாதை ஓரத்துக்கோ போனால் திரும்பச் செய்யுங்கள். மழை பெய்து ஓய்ந்த பிறகும் அப்படியே.

சரியான சீரில், நொடிக்கு ஒருதரம் ‘டிக்’ என்று கேட்டால் மண்ணைக் குறை சொல்ல வேண்டாம். பக்கத்தில் யானைக்குப் போட்ட சோலார் வேலி துடிக்கிறது. அலைவரிசையை மாற்றிப் பாருங்கள், அடங்கவில்லையென்றால் தள்ளிப் போவதுதான் வழி.

சரிவில் பழக்கதோஷத்தால் காயிலைக் கிடைமட்டமாக ஆட்டுவார்கள். ஒரு ஓரம் தரையை உரசும், மறு ஓரம் அரை அடி தூக்கி நிற்கும். காயில் சரிவுக்கு இணையாக இருக்க வேண்டும்.

குப்பையில் பெரிய ஏமாற்றுக்காரன் சோடா மூடி. தகரம்தான், ஆனாலும் வட்டமான தட்டை உருவம் என்பதால் காசு எண்ணில் வந்து நிற்கும். அதை எண்ணால் பிடிக்க முடியாது, காதால் பிடிக்கலாம். ஒலி வந்த இடத்தின் மேல் காயிலைக் குறுகலாக ஆட்டியபடியே மெல்ல உங்கள் பக்கம் இழுங்கள். பொருள் காயிலின் முன் விளிம்புக்கு வரும்போது காசின் ஒலி அப்படியே தேயும், மூடியின் ஒலி இரும்புக் கரகரப்பாக உடையும். ஆணிக்கு வேறு சோதனை: 90 டிகிரி திரும்பி நின்று குறுக்கே ஆட்டினால் அதன் நல்ல ஒலி காணாமல் போகும். ஸ்டீல் நாலணாவுக்கு மட்டும் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது, சந்தேகம் என்றால் தோண்டத்தான் வேண்டும்.

எஸ்டேட் தொழிலாளர்களின் பழைய லயன் வீடுகளைச் சுற்றி ஆணி, தேயிலைப் பெட்டியின் தகரப் பட்டி, உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள் எல்லாம் பின்னிக் கிடக்கும். இங்கே பெரிய காயிலைக் கொண்டுபோனால் ஒரே நேரத்தில் மூன்று பொருளைப் பார்த்துக் குழம்பும். இங்கே தேவை 6 அங்குல காயில், வேகமான ரெக்கவரி ஸ்பீடு (ஒரு பொருளை முடித்து அடுத்ததைக் கேட்கத் தயாராகும் வேகம்), நிதானமான கை. மாத்திரை அட்டையின் தொல்லை தாங்காமல் ஃபாயில் எண்களை மட்டும் நாட்ச் போட்டு (குறிப்பிட்ட எண்களுக்கு ஒலி வராமல் அடைத்து) மறைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தங்கத் தோடும் அதன் திருகாணியும் அதே எண்களில்தான் பேசும். கொழுந்து பறிக்கும்போது விழுந்த கம்மலைத் தேடப் போகிறீர்கள் என்றால் நாட்ச் கூடவே கூடாது.

எஸ்டேட்டாக இருந்தால் உரிமையாளர் அனுமதி வேண்டும். காப்புக்காட்டுக்குள் கருவியோடு போகவே கூடாது. மலை முகட்டுக் கல்வட்டங்களின் பக்கமும் வேண்டாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெள்ளி ரூபாய் ஒன்றே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

தோண்டும்போது புல்லை மூன்று பக்கம் வெட்டி மூடிபோலத் திறந்து, வேலை முடிந்ததும் மண்ணைப் போட்டு மிதித்து மூடுங்கள். சரிவில் திறந்து விட்ட குழியை அடுத்த மழை வாய்க்காலாக்கிவிடும். இடுப்பில் ஒரு பை கட்டிக்கொள்ளுங்கள். எடுத்த சோடா மூடியை அங்கேயே வீசினால் அடுத்த வாரம் அதே இடத்தில் அதே எண்ணில் கத்தும், நீங்களும் நம்பித் தோண்டுவீர்கள்.