சிரிப்புச் சொற்களை முதலில் வாயால் படியுங்கள்

காது கேளாதவர்களுக்காக ஆங்கிலப் பட வசனங்களைத் தமிழில் எழுதிக்கொடுப்பது என் வேலை. யாராவது சிரித்தால் அடைப்புக்குறிக்குள் கிகிள், டிட்டர், ஸ்நிக்கர், சக்கிள் என்று ஏதாவது வரும். எல்லாவற்றுக்கும் ‘சிரிக்கிறாள்’ என்றே போட்டுவந்தேன். காது மங்கிப்போன என் அத்தை ஒருநாள், “இவ சந்தோஷமா சிரிக்கிறாளா, கேலி பண்றாளா?” என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அகராதியைப் புரட்டும் முன் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் களுக், கொல், கலகல போல இவற்றில் பலவும் ஒலியிலிருந்தே பிறந்தவை. ‘கிகிள்’ என்னும்போது பள்ளிப் பிள்ளைகள் காரணமே இல்லாமல் கிளுகிளுவென்று சிரிப்பது கேட்கும். ‘டிட்டர்’ நாக்கு நுனியிலேயே நிற்கும். அடக்கியும் அடங்காத சிரிப்பு அது. ‘கஃபா’வை வாயைத் திறக்காமல் சொல்லவே முடியாது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பேச்சிலிருந்து வந்த வெடிச்சிரிப்பு.

ஸ்நிக்கரில் கொஞ்சம் நில்லுங்கள். தும்மலுக்கு ஸ்நீஸ், மோப்பத்துக்கு ஸ்நிஃப், குறட்டைக்கு ஸ்நோர்: ‘ஸ்ந’ வரிசையில் மூக்குச் சொற்கள் நிறைய. இதுவும் வாயை மூடி மூக்கு வழியே விடும் ஏளனச் சிரிப்பு. அடுத்தவர் தடுக்கி விழும்போது வருவது. தமிழில் ‘நமட்டுச் சிரிப்பு’ கச்சிதமாக உட்காருகிறது.

அப்புறம், பிறப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். கோழி கொக்கரிப்பைக் குறித்த ‘சக்’கிலிருந்து வந்த சக்கிள், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பலத்த சிரிப்பாக இருந்தது, இன்று தனக்குள் மெல்லச் சிரிப்பது. அசட்டுத்தனத்தைச் சொல்லும் ‘சில்லி’கூட ஒரு காலத்தில் ‘பேறுபெற்ற’ என்றே பொருள்பட்டது. குதூகலச் சிரிப்பைச் சொல்லும் ‘சார்ட்டில்’ மட்டும் பிறந்த வீடு தெரிந்த சொல்: ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் 1871இல் சக்கிளையும் மூக்கொலியான ஸ்நோர்ட்டையும் ஒட்டிச் செய்தது.

சொல்லைத் தேர்ந்ததும் ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியை ஒருமுறை பாருங்கள். முகமும் வரியும் ஒத்துப்போனால் சரி. அத்தை கேட்ட இடத்தில் இருந்தது ஸ்நிக்கர். ‘நமட்டுச் சிரிப்பு’ என்று மாற்றிக் காட்டினேன். “அதான பார்த்தேன்” என்றார்.