குட்டிகளக் குடுத்தாச்சு, இனி தாய்ப்பூனைய எப்படிப் பாத்துக்கறது?

குட்டி போனதும் தாய்ப்பூனை வளவு (முற்றமும் அதச் சுத்தியிருக்கிற அறைகளும்) முழுக்க கத்திக்கிட்டே சுத்தும், அதப் பாத்து வீட்ல எல்லாரும் "ஐயோ பாவம்"னு உச்சுக் கொட்டுவாங்க, ஆனா அதோட மடியத் தொட்டுப் பாக்குறவங்க ரொம்பக் கம்மி. தேடுறது தானா அடங்கிரும், கட்டுன பால் அப்படி அடங்காது. அதனால மொத தடவையா பூனை வளர்க்கறவங்களுக்காக மடிய முன்னாடி வச்சு, மனச பின்னாடி வச்சு எழுதுறேன்.

ஸ்டெப் 1: ஒண்ணு ஒண்ணா குடுங்க

குட்டிக்கு எட்டு வாரமாச்சும் ஆயிருக்கணும், பத்துப் பன்னெண்டு வாரம்னா இன்னும் நல்லது. நாலாவது வாரத்துல இருந்தே குட்டிங்க தட்டுல வாய் வைக்க ஆரம்பிக்கும், எட்டு வாரத்துல பால் குடி கிட்டத்தட்ட நின்னுரும், தாய்க்கும் பால் தானா குறையும். நம்ம செட்டிநாட்டுப் பக்கம் என்ன நடக்குதுன்னா முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்த சொந்தக்காரங்க மெட்ராஸுக்குக் கிளம்பும்போது ஆளுக்கு ஒண்ணா கார்ல தூக்கி வச்சுக்குவாங்க, சாயங்காலம் பாத்தா கூடை காலி, தாய்க்கு மட்டும் மடி நெறையப் பால். அப்படி விடாதீங்க. ரெண்டு மூணு நாள் எடைவெளி விட்டு ஒவ்வொண்ணா அனுப்புனா குடிக்கிற வாய் குறையக் குறையப் பாலும் குறையும். சாக்குல கட்டி சந்தையில விடுறதெல்லாம் குடுக்கறதுல சேராது, அதப் பத்தி நான் பேசவே மாட்டேன்.

ஸ்டெப் 2: சாப்பாட்டக் குறைங்க, தண்ணியக் குறைக்காதீங்க

பால் குடுக்கிற பூனை சாதாரணமா தின்றத விட ரெண்டு மூணு மடங்கு திங்கும். குட்டி போனப்புறமும் பாவம்னு அதே அளவு போட்டா பால் ஊறிக்கிட்டேதான் இருக்கும். கடைசிக் குட்டி போற அன்னைக்குப் பாதியாக் குறைச்சுட்டு, அப்புறம் நாலஞ்சு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, குட்டி போடுறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டுச்சோ அந்த அளவுல நிறுத்துங்க, ஆனா பட்டினி மட்டும் போடக்கூடாது. ஏற்கனவே எலும்பும் தோலுமா இருக்கிற பூனைன்னா டாக்டரக் கேக்காம குறைக்கவே வேண்டாம். உப்பில்லாம அவிச்ச கோழியோ தொண்டிக் கடற்கரைப் பக்கம் இருந்து வர்ற மீனோ முள்ளெடுத்துக் குடுக்கலாம். மிச்சக் குழம்பு வேண்டாம் ஆச்சி, நம்ம வீட்ல சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு எது, ரெண்டுமே பூனை ரத்தத்துக்கு ஆகாது. கருவாட்டுல உப்பு ஜாஸ்தி. மாட்டுப்பால் நெறையப் பூனைகளுக்கு வயித்தாலடிக்கும்.

ஸ்டெப் 3: தினமும் மடியத் தடவிப் பாருங்க

இதத்தான் மறக்கக்கூடாது. காலையிலயும் ராத்திரியும் ஒரு தடவ, அது மல்லாந்து படுத்திருக்கும்போதோ உங்க மடியில வந்து ஒக்காரும்போதோ ஒவ்வொரு காம்புக்கும் அடியில விரலால மெதுவாத் தடவுங்க. பொதுவா எட்டுக் காம்பு இருக்கும். மொத ரெண்டு மூணு நாள் லேசா கனமா இருந்தா பரவால்ல. கல்லு மாதிரி கட்டிப்போய், சூடா, செவந்தோ நீலம் பாரிச்சோ இருந்து, தொட்டா சீறி, காம்புல சீழோ ரத்தமோ வந்து, சாப்பிடாமப் படுத்துக்கிச்சுன்னா அது மடிநோய், மாட்டுக்கு வர்ற அதேதான். இதுல எது ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னைக்கே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, பேருதான் மாட்டாஸ்பத்திரி, பூனையையும் பாப்பாங்க.

பால் கட்டிருக்கேன்னு பீச்சி விடாதீங்க, பீச்சப் பீச்ச ஊறும். பொம்பளைங்களுக்குப் பால் வத்த மல்லிகைப்பூ வச்சுக் கட்டுவாங்கள்ல, அதையும் யாராச்சும் சொல்லுவாங்க, பூனைக்குக் கட்டினா அடுத்த நிமிஷம் அவுத்துப் போட்டுட்டு உங்களையும் பிராண்டிட்டுப் போயிரும். காய்ச்சல் இருக்குன்னு பாராசிட்டமால் மட்டும் குடுத்துராதீங்க, நாம சாதாரணமா போடுற ஒரு மாத்திரையே பூனை உயிர எடுத்துரும்.

ஸ்டெப் 4: தேடட்டும், விடுங்க

தொண்டைக்குள்ள இருந்து ம்ர்ர்ர்னு ஒரு சத்தம் குடுக்கும், அது குட்டியக் கூப்பிடுறது. சில பூனை ஒரு நாள்ல விட்டுரும், சிலது ஒரு வாரம், கொஞ்சம் கூடக்கூட ஆகலாம். ஏழு வீடு மாத்தி குட்டிய வளர்க்கும்னு நம்மாளுக சொல்றாப்புல, அது குட்டிய ஒளிச்சு வச்ச எடமெல்லாம் போய்ப் பாக்கும், மச்சு, பெட்டகத்துக்குப் பின்னாடி, வெறகு அடுக்குன எடம். தடுக்காதீங்க. வளவுல பூட்டிக் கெடக்குற அறை முன்னாடி ஒக்காந்து கத்துனா ஒரு தடவ தொறந்து காட்டிருங்க, உள்ள இல்லன்னு அதுவே மோந்து பாத்துட்டு வந்துரும். ஆனா திரும்பப் பூட்டுறதுக்கு முன்னாடி பூனை வெளிய வந்துருச்சான்னு கண்ணால பாத்துட்டுப் பூட்டணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா நம்ம வீடுகள்ல அடுத்த விசேஷம் வரைக்கும் தொறக்காத அறை எத்தனையோ இருக்கு.

குட்டி படுத்த துணிய உடனே தொவைக்க வேண்டாம், ரெண்டு மூணு நாள் கெடக்கட்டும், அது போய்ப் படுத்துக்கும், அப்புறம் தொவைச்சு எடுத்து வச்சுருங்க. சாப்பாட்டு நேரத்த மாத்தாதீங்க. சாயங்காலம் ஒரு கயித்த இழுத்து வெளாட்டுக் காட்டலாம், ஆனா மடியில போட்டுக்கிட்டு நாள்பூரா கொஞ்சுறது நம்ம ஆறுதலுக்குத்தான், அதுக்கு தனியா இருக்கணும்னு தோணுனா விட்டுருங்க. ஒரு நாள் முழுக்க ஒண்ணுமே சாப்பிடலைன்னா காத்திருக்காம டாக்டர்.

பாவம் பாத்து குட்டியத் திரும்பக் கூட்டிட்டு வந்து காட்டுறதும் வேண்டாம். கொஞ்ச நாள்லயே குட்டி மேல வேற வீட்டு வாசனை ஏறிரும், தாய் யாரோன்னு சீறும், குட்டி மெரண்டு போகும். ஒரு குட்டிய நீங்களே வச்சிருந்தா, பால் நின்னப்புறம் தாய் அதையும் அடிச்சு வெரட்டும், அது கோவமில்ல, பால்குடி முடிஞ்சுதுன்னு சொல்ற விதம்.

ஸ்டெப் 5: ஆபரேஷன்

குட்டி போய் சில வாரம் கழிச்சு மறுபடி ராத்திரியெல்லாம் கத்த ஆரம்பிச்சா "இன்னும் குட்டிய மறக்கல பாரு"ன்னு சொல்லுவாங்க. பெரும்பாலும் அது இல்ல. தரையில உருண்டு, முதுக வளைச்சு பின்பக்கத்தத் தூக்கி, வால ஒரு பக்கம் ஒதுக்கிக்கிட்டு நீட்டிக் கத்துனா அது ஹீட்டுக்கு வந்திருக்கு, அதாவது இணை தேடுது, கடுவன் (ஆண் பூனை) எங்கயோ ஓட்டு மேல காத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். சில பூனை பால் குடுக்கும்போதே சினை பிடிச்சுரும். அப்புறம் ஒம்பது வாரத்துல அடுத்த ஈத்து, உடம்பு தேறவே நேரம் இருக்காது.

பால் நல்லா வத்தி ரெண்டு வாரம் போல ஆனதும் கருத்தடை ஆபரேஷனுக்கு நாள் கேளுங்க, மடி தளர்ந்து இருந்தா டாக்டருக்கும் வேலை சுலபம். அதுவரைக்கும் வெளிய விடக்கூடாது. கூட வச்சிருக்கிற குட்டி கடுவனா இருந்தா அதுக்கும் சேத்தே கேட்டுருங்க, நாலஞ்சு மாசத்துலயே பருவத்துக்கு வரலாம், தாய் புள்ளைன்னு கணக்கெல்லாம் அதுங்களுக்குக் கெடையாது.

நம்ம வீட்ல அடைச்சு வைக்கிறதுதான் கஷ்டம், முற்றம் வானம் பாத்துத் தொறந்து கெடக்கு, ஒரு தாவுல ஓட்டு மேல போயிரும். அதனால வீட்டோட உள்பகுதியான ரெண்டாங்கட்டுல ஜன்னல் சாத்துற மாதிரி ஒரு அறைய ஒதுக்கி, மணல் தட்டு, தண்ணி, படுக்கைத் துணி எல்லாத்தையும் முன்கூட்டியே வச்சுப் பழக்குங்க. ஆபரேஷன் முடிஞ்சப்புறமும் பத்துப் பன்னெண்டு நாள் அதே அறைதான், தையல நக்காம இருக்க கழுத்துல மாட்டுற கூம்ப டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிக்கங்க.